ஃபைலை மூடினால்தான் சொல்லுவோம்

அரசாங்க மானியத்தில் ஓடும் சமூக சேவை நிலையத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு வருஷத்தில் ஒன்பது மாதம் சேவை, மூன்று மாதம் பயம். அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் தொழிலில் யாரும் யாரையும் "சௌக்கியமா?" என்று கேட்பதில்லை. "கடிதம் வந்ததா?" என்றுதான் கேட்போம். அடுத்த வருஷத்துக்கு மானியம் உண்டா இல்லையா என்று சொல்லும் கடிதம் அது. வந்தால் ஜனவரியில் வேலை. வராவிட்டால் பொங்கலுக்கு நாமே நமக்கு விருந்தாளி. இதைப் படிக்கிறவர்களில் வேறொரு ஊரில், வேறொரு நிலையத்தில், இதே மாதிரி கடிதத்துக்குக் காத்திருக்கும் சகோதர சகோதரிகள் சிலராவது இருப்பீர்கள். நீங்கள் சிரித்தாலும் சரி, பெருமூச்சு விட்டாலும் சரி, எனக்குத் துணைதான்.

என் நிலையம் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. தோட்டத்தின் பழைய மருந்தகக் கட்டடம். வகுப்புக்கு ஒரு பெரிய அறை, குழந்தைகளுக்கு ஒரு சின்ன அறை. சின்ன அறையில் தோட்டத்துக் குழந்தைகளோடு என் மகள் கயலும் இருப்பாள். இரண்டு வயது. குளிர் கூடினால் அவள் மூச்சில் ஒரு விசில் சத்தம் கேட்கும். அது கேட்டால் எனக்கு மூச்சு நின்றுவிடும். பொதுவாகவே நான் பயந்த சுபாவம். கான்வென்ட்டில் படித்தபோது சிஸ்டர் என் பெயரைக் கூப்பிட்டாலே, என்ன தப்பு என்று தெரியாமலே மன்னிப்புக் கேட்டுவிடுவேன். என் கணவர் கம்போங் ராஜாவில் காய்கறி லோரி ஓட்டுகிறார். ராத்திரி முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் சந்தைக்கு இறங்குவார். அவர் மலையை இறங்கி முடித்துவிட்டேன் என்று செய்தி போடும்வரை எனக்குத் தூக்கம் கிடையாது. மகளின் மூச்சுக்கு ஒரு காதையும் கைப்பேசிக்கு இன்னொரு காதையும் கொடுத்துவிட்டு, கையை இதை எழுதக் கொடுத்திருக்கிறேன். என் வேலை போனால் சம்பளத்தோடு அந்தச் சின்ன அறையும் போய்விடும். அப்புறம் கயலை எங்கே விடுவது? இனி நான் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் அடியில் இந்த ஒரு கேள்விதான் படுத்திருக்கிறது.

ஒரு கை ரவிக்கை

மூன்று வருஷத்தில் எனக்கு மூன்று பதவிகள். முதல் வருஷம் மானியம் "கணினி அறிவு" என்ற பெயரில் வந்தது. நான் கணினிப் பயிற்றுநர். அடுத்த வருஷம் மேலே யாருக்கோ கணினி அலுத்துவிட்டது. "வீட்டிலிருந்தே வருமானம்" என்று தையல் மெஷின்கள் வந்து இறங்கின; நான் தையல் பயிற்றுநர். கான்வென்ட்டில் கைக்குட்டை மூலையில் ரோஜாப்பூ போடக் கற்றுக்கொடுத்தார்கள், ரவிக்கை வெட்டக் கற்றுக்கொடுக்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் யூடியூபில் நான் கற்றுக்கொண்டதை மறுநாள் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். ரவிக்கை பாதியில் இருக்கும்போது டிசம்பர் வந்துவிட்டது.

மூன்றாவது வருஷம் "மனநலம்". அதே அறை, அதே பெஞ்சு, அதே பெண்கள். நான் மட்டும் மனநல வழிகாட்டி. ஓரமாக ஒதுக்கிய தையல் மெஷின்களின் மேல் கணினிகளை அடுக்கி, எல்லாவற்றையும் ஒரு பழைய போர்வையால் மூடிவிட்டு, அதற்கு முன்னால் நின்று, "இந்த வருஷம் நாம் நம் மனசைப் பற்றிப் பேசப்போகிறோம்" என்றேன். முன்வரிசையில் பாக்கியம் அக்கா. அறுபதைத் தொடப்போகிறவர். கொழுந்து வெட்டும் கத்திரியைவிட அவர் நாக்கு கூர்மை. போர்வையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என் ரவிக்கைக்கு ஒரு கைதான் வெச்சிருக்கோம் டீச்சர். இன்னொரு கை எந்த மானியத்துல வரும்?"

குடைக்கு அடியில் புரொஜெக்டர்

எங்கள் மானியத்தில் புதுச் சாமான் வாங்கலாம். இருக்கிற சாமானைப் பழுது பார்க்கக் கூடாது. அது விதி. மனநல வகுப்புக்காக ஒரு நல்ல புரொஜெக்டர் வந்தது. அதை வைக்க அறையில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அந்த இடத்துக்கு நேர் மேலே கூரைத் தகரத்தில் ஓர் ஓட்டையும் இருந்தது. கேமரன் மலையில் மழை பெய்யாத நாளைத் தேடி வகுப்பு வைக்க முடியுமா?

எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஜோசப் அண்ணன். தானா ராத்தா ஆபீசில் உட்கார்ந்து அறிக்கை எழுதுவதும் அவர்தான், வேன் ஓட்டுவதும் அவர்தான், குழாய் அடைத்தால் கம்பி விடுவதும் அவர்தான். சம்பளம் என்னவோ ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும்தான். அவர் வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார். விதிப் புத்தகத்தைக் குனிந்து பார்த்தார். அப்புறம் வேனிலிருந்து ஒரு பெரிய குடையை எடுத்து வந்து, விரித்து, புரொஜெக்டருக்கு மேலே கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார். மனிதர்கள் நனைந்தார்கள், புரொஜெக்டர் நனையவில்லை. கட்டி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"இன்னொரு புரொஜெக்டர் வேணும்னா எழுதிக் கேக்கலாம்மா. ஒரு தகரம் வேணும்னா சாமிகிட்டதான் கேக்கணும்."

பேப்பரில் இல்லாதவர்

ஒரு வகுப்புக்குப் பதினைந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும். பதினான்கு என்றால் அந்த வகுப்பு நடக்கவில்லை என்று அர்த்தம். நான் தொண்டை வற்றப் பேசியிருந்தாலும் நடக்கவில்லை. அந்த நாளுக்கு எனக்குச் சம்பளமும் இல்லை. இந்த விதியை எழுதினவருக்குத் தோட்டத்தில் இப்போது தமிழ்ப் பெண்கள் எத்தனை பேர் மிச்சம் என்று தெரியாது. பாதிப் பேர் ரிங்லெட்டுக்கும் ஈப்போவுக்கும் இறங்கிவிட்டார்கள். மலையில் மெஷின் பிடித்துக் கொழுந்து வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த ஆண்கள். அவர்கள் வெளிநாட்டுக்காரர்கள், மானியத்தின் கணக்கில் வரமாட்டார்கள்.

ஆனால் வகுப்புக்கு வந்தார்கள். முக்கியமாக சூரஜ். நேப்பாளத்துக்காரர், முப்பது வயதிருக்கும். எட்டு வருஷமாக இங்கேயே இருந்து நம் தமிழைத் தன் வசதிக்குப் பேசக் கற்றுக்கொண்டவர். ஒரு வாரம்கூடத் தவறமாட்டார். கடைசி பெஞ்சில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். ஒரு நாள் நல்ல மழை. பதினான்கு பெண்களும் சூரஜும். அறையில் பதினைந்து தலை இருக்கிறது, ஏட்டில் பதினான்கு. நான் ஏட்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. வெளியே போய், மழையில் ஓடி, காய்ச்சல் என்று படுத்திருந்த சரசுவைக் கம்பளியோடு கூட்டி வந்து நிறுத்தினார். சரசு என் வயதுக்காரி. வாய் மட்டும் பாக்கியம் அக்கா வயது. "மனநலத்துக்காக என் உடல்நலம் போவுது" என்று திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். நான் சூரஜுக்கு நன்றி சொல்லி, உங்கள் பெயரை எழுத முடியவில்லையே என்று வருத்தப்பட்டேன். அவர் தேநீரோடு வைத்திருந்த தட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

"பரவால்ல டீச்சர். நான் பேப்பர்ல இல்ல. பிஸ்கட்ல இருக்கேன்."

ஐந்துக்கு ஐந்து

இனிதான் என் தப்பு ஆரம்பிக்கிறது. வகுப்புகள் தொடங்கும் முன் ஒரு ஃபாரம், முடிந்த பின் அதே ஃபாரம். பத்துக் கேள்வி. "நான் இரவில் நன்றாகத் தூங்குகிறேன்." "என் கவலையைச் சொல்ல எனக்கு ஆள் இருக்கிறது." "எதிர்காலத்தை நினைத்தால் எனக்குப் பயம் இல்லை." ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை வட்டம் போட வேண்டும். ஒன்று என்றால் மோசம், ஐந்து என்றால் பிரமாதம். முதல் ஃபாரத்தில் குறைவாக இருந்து, கடைசி ஃபாரத்தில் கூடினால், டீச்சர் வேலை செய்திருக்கிறாள், அடுத்த வருஷமும் மானியம் கொடுக்கலாம் என்று அர்த்தம். மனசை அளக்க மேலே இருப்பவர்கள் கண்டுபிடித்த தராசு இது.

முதல் ஃபாரம் நிரப்பிய அன்றைக்குக் கயலுக்கு விசில் கேட்டது. நான் சின்ன அறைக்கும் பெரிய அறைக்கும் ஓடிக்கொண்டே பென்சில்களைக் கொடுத்தேன், ஃபாரங்களை வாங்கினேன், பார்க்காமலே உறையில் போட்டு ஜோசப் அண்ணனிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்து நகலைப் பார்த்தால் எல்லோரும், எல்லாக் கேள்விக்கும், ஐந்து. பதினைந்து பெண்களும் குழந்தை மாதிரித் தூங்குகிறார்கள். ஒருவருக்கும் எதிர்காலத்தைப் பற்றிப் பயமே இல்லை. சொர்க்கத்தில்கூட இப்படி மார்க் விழாது. என்னக்கா இது என்று பாக்கியம் அக்காவிடம் கேட்டேன். அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு ரகசியமாகச் சொன்னார்:

"புதுப் பாடத்துக்கு உங்களுக்கு மார்க் போடச் சொல்றாங்கன்னு தெரியாதா? எல்லாருமே ஃபுல் மார்க் போட்டுட்டோம். பக்கத்துத் தோட்டத்து டீச்சர் வந்து கேட்டா நாலுதான் லா."

பலூன்

பாடப் புத்தகம் எங்கோ ஏர்கான் அறையில் எழுதப்பட்டது. முதல் பாடம் மூச்சுப் பயிற்சி. "பத்து முறை ஆழமாக மூச்சை இழுத்து விடவும்" என்று வாசித்தேன். "பதினெட்டாம் நம்பர் மேட்டுல கொழுந்து மூட்டையோட ஏறி வாங்க டீச்சர், மூச்சு தானாவே ஆழமா வரும்" என்றாள் சரசு. ஐந்தாம் பாடம் பலூன். மனசில் இருக்கும் கவலையை நினைத்துக்கொண்டே ஊதி, முடிச்சுப் போட்டு, மேலே பறக்க விட வேண்டும். கவலை பறந்துவிடும் என்று புத்தகம் சொல்கிறது. வாயால் ஊதிய பலூன் பறக்காது என்று புத்தகம் எழுதியவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பதினைந்து பலூனும் தரையில் விழுந்து கால்களுக்கு இடையில் உருண்டன. "ஐயோ, சரசுவோட கவலை என் கால்ல வந்து ஒட்டுது, தள்ளிவிடு தள்ளிவிடு!" என்று ஒருத்தி கத்த, அறை முழுக்க ஒரே கூத்து. சின்ன அறையிலிருந்து கயல் ஓடிவந்து யாருடையதோ ஒரு கவலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சிரிப்பு அடங்கியபோது பாக்கியம் அக்கா மட்டும் பலூனை விடாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். என்ன அக்கா என்றேன். அடுத்த வருஷம் அவருக்கு அறுபது முடிகிறது. வேலை முடிந்தால் தோட்டத்து லைன் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முப்பது வருஷம் விளக்கேற்றிய வீடு. வேறு வீடு இல்லை. மகன் சிங்கப்பூரில் ஆறு பேரோடு ஓர் அறையில் இருக்கிறான். இதை அவர் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், ரேஷன் பட்டியல் சொல்வது போலச் சொன்னார். அப்புறம் சரசு தன் கணவனின் குடியைச் சொன்னாள். அப்புறம் இன்னொருத்தி. அன்றைக்குப் புத்தகத்தை மூடி வைத்தேன். அப்புறம் அதை நான் திறக்கவே இல்லை. கிளம்பும்போது பாக்கியம் அக்கா பலூனை என் கையில் கொடுத்தார்.

"ரெண்டு வருஷமா ராத்திரியெல்லாம் தகரத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கேன் டீச்சர். அன்னிக்கு ஃபாரத்துல அஞ்சு போட்டது உங்க மூஞ்சிக்காக."

ரப்பர்

அக்டோபர் வந்தது. அதே பத்துக் கேள்வி. இந்த முறை நான் உஷார். "இது எனக்கு மார்க் இல்லை. உங்களுக்கு எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள்" என்று மூன்று முறை சொன்னேன். ஒன்பது மாதத்தில் என்னை நம்பப் பழகிவிட்ட பெண்கள் சொன்ன சொல்லைத் தட்டாமல் போட்டார்கள். ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று. தூக்கத்துக்கு ஒன்று என்பது போதவில்லை என்று சரசு தானாகவே பக்கத்தில் ஒரு சைபர் எழுதி அதற்கு வட்டம் போட்டிருந்தாள். மேலே இருந்து பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? பிப்ரவரியில் பதினைந்து பெண்கள் ஆனந்தமாக இருந்தார்கள். ஒன்பது மாதம் என்னிடம் படித்ததும் தூக்கம் போய், நிம்மதி போய், எதிர்காலம் போய் நிற்கிறார்கள்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஃபாரம் எல்லாம் பென்சிலில். மானியத்தில் வந்த பென்சில், முனையில் ரப்பர் வைத்தது. எல்லோரும் போன பின் சரசுவின் சைபரை அழித்து நாலாக்கினேன். சின்ன அறையில் கயல் "அம்மா" என்று கூப்பிட்டாள். சிஸ்டர் கூப்பிட்டது போல எழுந்து நின்றுவிட்டேன். மறுபடி உட்கார்ந்து பார்த்தால், அந்த நாலு சரசுவின் எழுத்து மாதிரியே இல்லை. அவளை யாரோ வாயைப் பொத்திப் பிடித்திருப்பது மாதிரி இருந்தது. அதை அழித்துவிட்டு மறுபடி சைபர் எழுதினேன். தாள் அந்த இடத்தில் தேய்ந்து வெளிச்சம் தெரிந்தது. "குறிப்பு" என்று ஒரே ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். அதில் "இப்போதுதான் உண்மையைச் சொல்கிறார்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜோசப் அண்ணன் அதையெல்லாம் கணினியில் ஏற்றி, வந்த வரைபடக் கோட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"என்னம்மா இது, ரிங்லெட்ல புடிச்ச கோடு மலைய எறங்கி தாப்பா போய்தான் நிக்கும் போல!"

நாங்க ஓகே

நவம்பரில் ஓர் அதிகாரி நேரில் வந்தார். புவான் ரோஸ்னா; மலாயில் மரியாதையாக 'அம்மா' என்பதுதான் புவான். என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். கையில் தடியான ஃபைல். அவர் பார்த்துவிட்டுப் போய் எழுதுவதை வைத்துத்தான் என் வேலை என்பதை ஜோசப் அண்ணன் முதல் நாளே பெண்களிடம் உளறிவிட்டார். அதனால் எல்லோரும் கோவிலுக்குப் போகிற சேலையில் வந்திருந்தார்கள். மழையும் வந்திருந்தது. புவான் சிரித்த முகமாக, "எப்படி இருக்கீங்க எல்லாரும்?" என்று மலாயில் கேட்டார். பதினைந்து பேரும் ஒரே குரலில், "ஓகே புவான்! பாகுஸ்!" என்றார்கள். பாகுஸ் என்றால் பிரமாதம். தூக்கம் வருகிறதா? பாகுஸ். வீட்டில் பிரச்சினை? ஒன்றும் இல்லை புவான், எல்லாம் பாகுஸ். என்னைக் காப்பாற்றுகிறார்களாம். நான் உள்ளுக்குள்ளே செத்துக்கொண்டிருந்தேன். புவான் ஃபைலைப் புரட்டி, தேய்ந்துபோன அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, "அப்போ இந்த சைபரைப் போட்டது யார்?" என்று கேட்டார். சரசு பெஞ்சுக்கு அடியில் செருப்பைத் தேடினாள். புவான் என் பக்கம் திரும்பினார். எனக்குத் தெரிந்த தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒன்றாகக் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டன.

அப்போது கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது, நேராக ஃபைல் மேலே. அன்றைக்கு மரியாதைக்காகக் குடையைக் கழற்றி வைத்திருந்தோம். பாக்கியம் அக்கா எழுந்து, தோட்டத்து மலாயில் பேச ஆரம்பித்தார். நான் தமிழில் தருகிறேன். "புவான், ஃபைல் தூக்கிட்டு யாரு வந்து கேட்டாலும் எங்களுக்கு ஓகே சொல்லித்தான் பழக்கம். தொரை கேட்டா ஓகே. கணக்கெழுதுற கிராணி கேட்டா ஓகே. ஓகே சொன்னாதான் அடுத்த மாசமும் மலைக்குப் போவலாம். ஃபைல மூடுங்க. மூடினாதான் சொல்லுவோம்." புவான் ஃபைலை மூடி, நனையாமல் இருக்க முந்தானைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லி சரசுவிடமே கொடுத்துவிட்டார்.

அப்புறம் மழை விட்டும் பேச்சு விடவில்லை. லைன் வீடு, குடி, முட்டி வலி, பள்ளிக்கூட பஸ், ஒரு கை ரவிக்கை, கூரை எல்லாம் வந்தது. என்னையும் விடவில்லை: டீச்சர் குரல் சின்னது, பின்பெஞ்சுக்குக் கேட்பதில்லை, வாங்குகிற பிஸ்கட் ஒரே மாதிரி. கடைசி பெஞ்சிலிருந்து சூரஜ்கூட எழுந்து, போன வருஷம் ஊரில் அப்பா செத்தபோது போக முடியவில்லை என்று தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார். அது யாருடைய ஏட்டிலும் ஏறாது. ஆனாலும் புவான் கேட்டுக்கொண்டார். எல்லாம் முடிந்து புவான் என்னைப் பார்த்து, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்றார். என் வாய் என்னைக் கேட்காமலே, "ஓகே புவான்" என்றது. அறையே சிரித்தது. பாக்கியம் அக்கா சிரிக்கவில்லை.

"ஃபைல மூடியாச்சு டீச்சர். இன்னும் யாருக்குப் பயப்படுறீங்க?"

வேன் வரும்வரை

ஜோசப் அண்ணன் வேனைத் திருப்பிக் கொண்டுவரும்வரை நானும் புவானும் வாசலில் நின்றோம். கயல் என் இடுப்பில். பாக்கியம் அக்காவின் கேள்வி இன்னும் முதுகில் குத்திக்கொண்டிருந்ததாலோ என்னவோ, நான் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு அக்டோபரும் எனக்குத் தூக்கம் போய்விடும். வேலை போனால் இவளை எங்கே விடுவது என்று தெரியவில்லை. அடுத்தவர்களுக்கு மனநலம் சொல்லிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் நகம் கடிக்கிறேன் என்று. சொல்லி முடித்ததும் மன்னிப்பும் கேட்டுவிட்டேன், பழக்கதோஷம். புவான் ஃபைலை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டார். கயலின் காலைத் தொட்டு, சாக்ஸை மேலே இழுத்துவிட்டார். அப்புறம் வேன் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"நானும் கான்ட்ராக்ட்தான். எனக்கும் டிசம்பரோட முடியுது."

கடிதம்

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. ஜோசப் அண்ணன் கையில் பிரிக்காமல் வைத்துக்கொண்டு மேட்டில் ஓடிவந்தார். இரண்டு பேருக்குமே பிரிக்கப் பயம். பாக்கியம் அக்காதான் கொண்டை ஊசியால் கிழித்தார். மானியம் ஆறு மாதத்துக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. காரணமும் எழுதியிருந்தார்கள்: இந்தச் சமூகத்தின் மனநிலை ஒன்பது மாதத்தில் மிகவும் மோசமடைந்துள்ளதால், சேவை அவசரமாகத் தொடர வேண்டும். எனக்குப் பதவியும் மாறிவிட்டது; இனி நான் நெருக்கடி ஆதரவு அலுவலர். கீழே கையெழுத்து புவான் ரோஸ்னாவுடையதாக இருக்கும் என்று தேடினேன். வேறு பெயர். அந்தப் பெயரை இரண்டு முறை வாசித்தேன். இரண்டு முறையும் வேறு பெயராகத்தான் இருந்தது.

வீட்டு விஷயமும் கூரை விஷயமும் இந்த மானியத்தில் அடங்காது என்றும் ஒரு வரி இருந்தது. ஆனால் எந்த ஆபீசில் வீட்டு மனு கொடுக்க வேண்டும் என்று புவான் போகிறபோது ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். "எதிர்கால நம்பிக்கை" என்ற பாடத்தில் இப்போது பாக்கியம் அக்காவின் மனுவைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. கூரைக்குப் பதில் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சூரஜ் எங்கிருந்தோ ஒரு பழைய தகரத்தைத் தோளில் கொண்டுவந்து ஆணி அடித்துவிட்டுப் போனார். அறிக்கையில் அதை எழுத வழியில்லை, அவர்தான் பேப்பரிலேயே இல்லையே. இனி ஜூன் மாதம் மறுபடி அதே ஃபாரம். அதில் மார்க் கூடியாக வேண்டும் என்று கடிதத்தின் கடைசி வரி. அதை நான் வாசித்துக் காட்டியதும் பாக்கியம் அக்கா யோசித்தார்.

"நாங்க அழுததுல உங்க வேலை நெலைச்சுது. ஜூன் மாசம் சிரிக்கணுமா அழணுமா, இப்பவே சொல்லிருங்க டீச்சர், பழகிக்கிறோம் லா."

இந்த முறை ஊழியர்களும் ஃபாரம் நிரப்ப வேண்டுமாம். என்னுடையது இதோ இந்தத் தாளுக்கு அடியில்தான் இருக்கிறது, "நான் இரவில் நன்றாகத் தூங்குகிறேன்" என்ற வரியில் பேனாவால் இரண்டுக்கு வட்டம் போட்டிருக்கிறேன், ரப்பரால் அழிக்க முடியாதபடி. அவர்கள் நிலைமை மோசமானதால் என் நிலைமை ஆறு மாதத்துக்குத் தேவலை என்றாகியிருக்கிறது. ஜூனுக்குள் அவர்களும் நிம்மதியாகத் தூங்கி, என் வேலையும் நிலைக்க ஏதாவது வழி உங்களில் யாருக்காவது தெரிந்தால் எந்த நேரமானாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், லோரி மலை இறங்கும்வரை நான் எப்படியும் விழித்துத்தான் இருப்பேன்.